ரியாலிட்டி ஷோவுக்காகச் சந்தா கட்டலாமா? ஜியோஹாட்ஸ்டார், நெட்ஃபிளிக்ஸ், பிரைம் ஓர் ஒப்பீடு

அக்டோபர் நெருங்கினால் வாசகர்களிடமிருந்து ஒரே கேள்வி பல வடிவங்களில் வருகிறது. பிக் பாஸ் தொடங்குகிறது, ஜியோஹாட்ஸ்டார் எடுக்கலாமா? வீட்டில் பெரியவர்களுக்கு அது வேண்டும். கல்லூரி போகும் பிள்ளைக்கு நெட்ஃபிளிக்ஸில் வரும் கொரியப் போட்டி வேண்டும். சாமான் சீக்கிரம் வந்து சேரட்டும் என்று எடுத்த அமேசான் பிரைம் ஏற்கெனவே ஒரு மூலையில் இருக்கிறது. எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது? மூன்றையும் ஆண்டு முழுவதும் வைத்திருக்க வசதி உள்ளவர்கள் இத்துடன் வேறு வேலையைப் பார்க்கலாம். மற்றவர்களுக்காக எழுதுகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். திரைப்படத்துக்கும் தொடருக்கும் சந்தா எடுப்பவர் தளத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கலாம். ரியாலிட்டி ஷோவுக்காக எடுப்பவர் நாட்காட்டியைப் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். நல்ல படம் அடுத்த ஆண்டும் நல்ல படம்தான். பட்டம் யாருக்கு என்று தெரிந்துவிட்ட போட்டியை யாரும் உட்கார்ந்து பார்ப்பதில்லை. அந்த அவசரம்தான் தளங்களின் மூலதனம்.

தளங்கள் ஏன் இவற்றை விரும்புகின்றன?

எழுதி வைத்த கதையும் வசனமும் இல்லாத நிகழ்ச்சிக்குப் பெரிய நடிகரின் கால்ஷீட்டுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. ஒரே அரங்கில் பல வாரங்கள் எடுத்துவிடலாம். வெளிநாட்டில் ஓடிய வடிவத்துக்கு உரிமை வாங்கி, உள்ளூர் முகங்களைப் போட்டால் போதும். பிக் பாஸின் மூலவடிவமான 'பிக் பிரதர்' 1999-இல் நெதர்லாந்தில் தொடங்கியது. பிரைமில் வந்த 'தி டிரெய்ட்டர்ஸ்' வடிவமும் அதே நாட்டிலிருந்து கிளம்பியதுதான். 2023-இல் ஹாலிவுட்டில் எழுத்தாளர்கள் மே 2 முதல் செப்டம்பர் 27 வரையிலும், நடிகர்கள் ஜூலை 14 முதல் நவம்பர் 9 வரையிலும் வேலைநிறுத்தம் செய்தபோது கதைத் தொடர்களின் படப்பிடிப்பு முடங்கியது. ரியாலிட்டி நிகழ்ச்சிகள் பெரும்பாலும் தடையின்றி நடந்தன.

இவை தளத்துக்கு இரண்டு வேலை செய்கின்றன: ஆளைச் சேர்ப்பது, சேர்ந்தவரைப் போகவிடாமல் நிறுத்தி வைப்பது. எட்டு எபிசோட் தொடரை ஒரு சனி ஞாயிறில் பார்த்து முடித்துச் சந்தாவை நிறுத்திவிட முடியும். நூறு நாள் ஓடும் வீட்டை அப்படி முடிக்க முடியாது.

எதை வைத்து எடைபோடுவது?

ஐந்து கேள்விகள் போதும். நிகழ்ச்சி எப்படி வெளியாகிறது: தினமும், வாரம் ஒன்று, அல்லது கொத்தாகவா? உங்கள் மொழியில் இருக்கிறதா? விளம்பரம், திரை, ஒரே நேரத்தில் பார்க்கும் எண்ணிக்கை ஆகியவற்றைச் சேர்த்தால் உண்மையான விலை என்ன? அதே நிகழ்ச்சிக்கு இலவச வழி உண்டா? நிகழ்ச்சி முடிந்த மறுநாள் அந்தச் செயலியில் உங்களுக்குப் பார்க்க என்ன மிச்சம்?

கடைசிக் கேள்வியைத்தான் பலரும் கேட்க மறந்துவிடுகிறார்கள்.

| | ஜியோஹாட்ஸ்டார் | நெட்ஃபிளிக்ஸ் | பிரைம் வீடியோ |
|---|---|---|---|
| முக்கிய ரியாலிட்டி நிகழ்ச்சிகள் | பிக் பாஸ் தமிழ், குக் வித் கோமாளி | ஸ்குவிட் கேம்: தி சேலஞ்ச், லவ் இஸ் பிளைண்ட், கபில் ஷர்மா நிகழ்ச்சி | பீஸ்ட் கேம்ஸ், தி டிரெய்ட்டர்ஸ், எல்ஓஎல் |
| வெளியாகும் விதம் | தினசரி அல்லது வார இறுதி, மாதக்கணக்கில் | பெரும்பாலும் வாரத்துக்கு ஒரு கொத்து | பெரும்பாலும் வாரந்தோறும் |
| தமிழ் | நிறைய | குறைவு, ஆவணத் தொடர்களில் உண்டு | கொஞ்சம் |
| இலவச வழி | டிவி சேனலில் வருகிறது | இல்லை | இல்லை |
| கட்ட வேண்டிய காலம் | மூன்று மாதம், தேதி பார்த்து | ஒரு மாதம் | ஷாப்பிங்குக்குத் தேவைப்பட்டால் ஆண்டு |

ஜியோஹாட்ஸ்டார்: தமிழ் வீட்டுக்கு முதல் தேர்வு, ஆனால் நாளை எண்ணுங்கள்

தமிழில் ரியாலிட்டி என்றால் பேச்சு இங்கேதான் தொடங்கும். 2017 ஜூன் 25-இல் கமல்ஹாசன் தொகுப்பில் விஜய் டிவியில் பிக் பாஸ் தமிழ் தொடங்கியது. ஏழு சீசன்களுக்குப் பிறகு, 2024-இல் எட்டாவது சீசனிலிருந்து விஜய் சேதுபதி தொகுக்கிறார். அந்த வீட்டில் நடக்கும் சண்டையைவிடச் சுவாரசியமானது, அந்நிகழ்ச்சி படிப்படியாகச் செயலிக்குள் இழுத்துக்கொள்ளப்பட்ட கதை.

முதல் சீசனில் ஓட்டு கூகுள் தேடல் பக்கத்திலேயே விழுந்தது. பிறகு அது ஹாட்ஸ்டார் செயலிக்குள் போனது. உங்கள் அபிமான போட்டியாளரைக் காப்பாற்ற வேண்டுமானால் செயலியைப் போனில் இறக்கி, எண்ணைக் கொடுத்து உள்ளே நுழைந்தாக வேண்டும். 2022 ஜனவரி இறுதியில் 'பிக் பாஸ் அல்டிமேட்' வந்தது. அது டிவியில் இல்லை, ஹாட்ஸ்டாரில் மட்டும். நடுவில் கமல் விலக, சிலம்பரசன் தொகுத்தார். அதே ஆண்டு அக்டோபரில் தொடங்கிய ஆறாவது சீசனில், டிவியில் வழக்கமான ஒரு மணி நேரத் தொகுப்பும் ஹாட்ஸ்டாரில் 24 மணி நேர நேரலையும் என்று பிரித்தார்கள். இந்தப் பிரிவினை கெட்டிக்காரத்தனமானது. ஒரு மணி நேரத் தொகுப்பைப் பார்ப்பவர், 'வெட்டி எடுத்ததில் என்ன போனது?' என்று நினைக்க ஆரம்பித்தால் அடுத்த அடி சந்தாதான். இரவு பதினோரு மணிக்கு யார் யாரிடம் என்ன கிசுகிசுத்தார் என்பதைத் தெரிந்துகொள்ளக் காசு கொடுக்கும் பழக்கம் தமிழ் வீடுகளுக்கு அப்படித்தான் வந்தது.

இலவசமாகப் பழக்கிவிட்டுக் கட்டணம் கேட்பதும் இங்கே பழைய வித்தை. இந்தியில் 'பிக் பாஸ் ஓடிடி' இரண்டாவது சீசன் 2023-இல் ஜியோசினிமாவில் இலவசமாக ஓடியது. 2024 ஏப்ரலில் அந்தத் தளம் மாதம் 29 ரூபாய்த் திட்டத்தைக் கொண்டுவந்தது. ஜூனில் தொடங்கிய மூன்றாவது சீசன் பணம் கட்டியவர்களுக்கு மட்டும். பிறகு 2025 பிப்ரவரி 14-இல் ஜியோசினிமாவும் ஹாட்ஸ்டாரும் ஒன்றாகி ஜியோஹாட்ஸ்டார் ஆனது. அன்றைய விலைப்படி மொபைல் திட்டம் மூன்று மாதத்துக்கு 149 ரூபாய், சூப்பர் திட்டம் 299, பிரீமியம் 499. விலை அடிக்கடி மாறும். பணம் கட்டும் திரையில் தெரிவதே கடைசிக் கணக்கு.

இப்போது நாளுக்கு வருவோம். எட்டாவது சீசன் 2024 அக்டோபர் 6-இல் தொடங்கி 2025 ஜனவரி 19-இல் முடிந்தது. கிட்டத்தட்ட 105 நாள். மூன்று மாதத் திட்டத்தைத் தொடக்க நாளன்றே எடுத்தவருக்கு ஜனவரி முதல் வாரத்திலேயே காலம் முடிந்திருக்கும். இறுதிப் போட்டிக்கு இன்னும் இரண்டு வாரம் பாக்கி. அந்த இரண்டு வாரத்துக்காகவே இன்னொரு மூன்று மாதம் கட்ட வேண்டியிருக்கும். இது திட்டமிட்டுச் செய்ததா, தற்செயலா என்று நான் சொல்ல மாட்டேன். பார்வையாளருக்கு விளைவு ஒன்றுதான்.

வழி எளிது. முதல் இரண்டு மூன்று வாரங்களை டிவியில் பாருங்கள். அப்போது வீட்டில் இருபது பேர் இருப்பார்கள், பெயர் மனதில் பதியவே ஒரு வாரம் ஆகும், உண்மையான ஆட்டம் தொடங்கியிருக்காது. நடுவில் சேரும் வைல்டு கார்டு போட்டியாளர்கள் நுழையும் காலத்தில் சந்தாவைத் தொடங்கினால் இறுதிப் போட்டி வரை ஒரே கட்டணத்தில் வந்துவிடும்.

மறைந்திருக்கும் செலவுகள் மூன்று. மொபைல் திட்டம் போனில் மட்டும்தான்; டிவியில் பார்க்க மேல் திட்டத்துக்குத் தாவ வேண்டும். மலிவான திட்டங்களில் விளம்பரம் உண்டு. 24 மணி நேர நேரலையை மொபைல் டேட்டாவில் ஓடவிட்டால் அன்றைய டேட்டா மதியத்துக்கு முன்பே தீர்ந்துவிடும். இன்னொன்று: ஜியோ, ஏர்டெல் ரீசார்ஜ் திட்டங்கள் சிலவற்றோடு இந்தச் சந்தா இணைந்தே வருகிறது. தனியாகக் கட்டும் முன் உங்கள் ரீசார்ஜில் ஏற்கெனவே இருக்கிறதா என்று பாருங்கள். இருப்பதே தெரியாமல் இரண்டு முறை கட்டுபவர்கள் உண்டு.

எப்போது இது சரி: நேரலை பார்ப்பவர்களுக்கும், குக் வித் கோமாளி, ஐபிஎல் போன்றவற்றையும் பார்க்கும் குடும்பத்துக்கும். பிக் பாஸின் ஒரு மணி நேரத் தொகுப்பு மட்டும் போதும் என்பவர்கள், விஜய் டிவி வீட்டில் வருமானால், இதற்குத் தனியாகக் காசு கொடுக்கத் தேவையே இல்லை.

நெட்ஃபிளிக்ஸ்: ஒரு மாதம் போதும்

இந்தியாவில் நெட்ஃபிளிக்ஸ் மாதத் திட்டங்களை மட்டுமே விற்கிறது. ரியாலிட்டி ரசிகருக்கு இது வசதி. 2021 டிசம்பரில் குறைக்கப்பட்ட விலைப்படி மொபைல் 149, பேசிக் 199, ஸ்டாண்டர்டு 499, பிரீமியம் 649 ரூபாய். விளம்பரத்தோடு வரும் மலிவுத் திட்டம் வெளிநாடுகளில் 2022-இல் வந்தது, இங்கே வரவில்லை. அதனால் இந்தியப் பார்வையாளருக்கு விளம்பரத் தொல்லை இல்லை என்பது பெரிய ஆறுதல்.

முழு சீசனையும் ஒரே நாளில் கொட்டுவதுதான் நெட்ஃபிளிக்ஸின் பெயர் பெற்ற பழக்கம். ரியாலிட்டிக்கு வந்தபோது கையை இறுக்கிக்கொண்டது. 2020 பிப்ரவரியில் 'லவ் இஸ் பிளைண்ட்' முதல் சீசனை மூன்று வாரங்களுக்குப் பிரித்து வெளியிட்டது. 'ஸ்குவிட் கேம்: தி சேலஞ்ச்' 2023 நவம்பர் 22-இல் ஐந்து எபிசோட், 29-இல் நான்கு, டிசம்பர் 6-இல் இறுதி என்று வந்தது. 456 போட்டியாளர்கள், 45.6 லட்சம் டாலர் பரிசு. வாரத்துக்கு ஒரு கொத்து என்பதன் நோக்கம் ஊர் பேச வேண்டும் என்பதுதான். மொத்தமாகக் கொட்டினால் பேச்சு மூன்றே நாளில் அடங்கிவிடும்.

இங்கே உங்கள் கணக்கு: முதல் கொத்து வரும் நாளில் எடுக்காமல், கடைசிக் கொத்து வரும் வாரத்தில் எடுங்கள். ஒரு மாதத்துக்குள் அதை முடித்து, மற்றவற்றையும் ஒரு சுற்று பார்த்துவிட்டு நிறுத்தலாம். நிறுத்திய பிறகும் கட்டிய காலம் முடியும் வரை பார்க்கலாம் என்பதால், எடுத்த அன்றே நிறுத்திவிடுவது நல்லது. 2024 மார்ச் 30-இல் தொடங்கிய கபில் ஷர்மா நிகழ்ச்சியின் முதல் சீசன் வாரம் ஒன்றாக 13 எபிசோட் வந்தது. உடனுக்குடன் பார்த்தவர் மூன்று மாதக் கட்டணம் கட்டியிருப்பார். முடிந்த பிறகு சேர்ந்தவருக்கு ஒரு மாதக் கட்டணம்தான். அது பேட்டி நிகழ்ச்சி, யார் ஜெயித்தார் என்ற பதற்றம் இல்லை. காத்திருப்பதில் இழப்பும் இல்லை.

மறைந்திருக்கும் செலவில் எனக்குப் பிடித்த உதாரணம் 'டிரைவ் டு சர்வைவ்'. 2019-இல் தொடங்கிய இந்த ஃபார்முலா 1 ஆவணத் தொடர், பந்தயப் பருவம் தொடங்கும் முன் ஆண்டுதோறும் புதிய சீசனோடு வருகிறது. பந்தயமே பார்த்திராதவர்களையும் அது ரசிகர்களாக்கியது. ஆனால், ரசிகரான பின் பந்தயத்தை நேரலையில் பார்க்க நெட்ஃபிளிக்ஸ் உதவாது. இந்தியாவில் 2024 முதல் அந்த உரிமை ஃபேன்கோடு என்ற விளையாட்டுத் தளத்திடம் போனது. ஒரு தளம் மூட்டிய ஆசைக்கு இன்னொரு தளத்தில் காசு.

அடுத்தது கடவுச்சொல். ஒரே வீட்டில் இல்லாதவர்களோடு கணக்கைப் பகிர்வதை 2023 ஜூலையில் இந்தியாவில் நெட்ஃபிளிக்ஸ் தடுத்தது. ஊரில் இருக்கும் அம்மாவுக்கும் நகரத்தில் இருக்கும் உங்களுக்கும் ஒரே கணக்கு என்று திட்டமிட்டால் அது நடக்காது. 149 ரூபாய்த் திட்டத்தின் படத்தெளிவு 480பி மட்டுமே, அதுவும் போன், டேப்லெட்டில் மட்டும். போட்டி நிகழ்ச்சிக்கு இது போதும் என்பேன். அரங்கின் பிரம்மாண்டத்தைக் காட்டவே எடுத்த நிகழ்ச்சிக்குப் போதாது.

தமிழுக்காக எடுப்பவர்களுக்கு இங்கே போட்டி நிகழ்ச்சிகள் அநேகமாக இல்லை. ஆவணத் தொடர்கள் உண்டு: 2023 ஆகஸ்டில் வந்த வீரப்பன் வேட்டை பற்றிய நான்கு பகுதித் தொடர், 2024 நவம்பரில் வந்த நயன்தாரா ஆவணப்படம். இவை காலாவதியாகாதவை, எந்த மாதம் எடுத்தாலும் பார்க்கலாம். நெட்ஃபிளிக்ஸின் கதை வசனம் எழுதப்படாத நிகழ்ச்சிகளில் நான் மதிப்பது இந்த வகையைத்தான்.

எப்போது இது சரி: கொரிய, ஆங்கில நிகழ்ச்சிகளை சப்டைட்டிலோடு பார்க்கத் தயங்காதவர்களுக்கு, ஆண்டில் இரண்டு மூன்று மாதம் மட்டும் வந்துபோகும் மன உறுதி உள்ளவர்களுக்கு.

பிரைம் வீடியோ: கடைக்கு வந்தவருக்குக் காட்சி

பிரைமை மற்ற இரண்டோடு ஒரே தராசில் வைப்பது கடினம். அமேசானுக்குக் காட்சி ஒரு பக்க வியாபாரம். கோல்டன் குளோப் விருது வாங்கினால் செருப்பு விற்பனையும் கூடுகிறது என்ற பொருளில் ஜெஃப் பெசோஸ் 2016-இல் பேசியது பிரபலம். நிகழ்ச்சி உங்களைக் கடைக்குள் வைத்திருந்தால் போதும்.

ஆண்டுக்கு 1,499 ரூபாய் கட்டுபவர் பெரும்பாலும் டெலிவரிக்காகக் கட்டுகிறார். அவருக்கு இங்கு வரும் நிகழ்ச்சிகள் கொசுறு. தமிழில் நடந்த முயற்சிகள் நன்றாகவே இருந்தன. 2020 செப்டம்பரில் மேடை நகைச்சுவைப் போட்டியான 'காமிக்ஸ்தான் செம்ம காமெடிபா', 2021 ஆகஸ்டில் 'எல்ஓஎல் எங்க சிரி பார்ப்போம்'. இரண்டாவதன் மூலவடிவம் ஜப்பானுடையது: பத்து நகைச்சுவைக் கலைஞர்கள் ஆறு மணி நேரம் ஓர் அறைக்குள், சிரித்தவர் வெளியே. விவேக்கும் மிர்ச்சி சிவாவும் தொகுத்தார்கள். அது வெளியானபோது விவேக் நம்மோடு இல்லை. அந்தக் காரணத்துக்காகவே இன்றும் அதைப் பார்க்கலாம். மொத்தமாக வந்த, சிறிய நிகழ்ச்சி. ஒரே நாளில் முடியும்.

பெரிய செலவில் வந்தவை வேறு மாதிரி. 2024 டிசம்பரில் தொடங்கிய 'பீஸ்ட் கேம்ஸ்', யூடியூபில் இளைஞர்கள் பின்தொடரும் மிஸ்டர் பீஸ்டைக் கொண்டு நடத்தப்பட்டது. வேறோர் இடத்தில் இலவசமாகப் பார்க்கும் கூட்டத்தைச் சந்தாவுக்குள் அழைத்துவரும் முயற்சி அது. 2025 ஜூன் 12-இல் கரண் ஜோஹர் தொகுப்பில் 'தி டிரெய்ட்டர்ஸ்' இந்திப் பதிப்பு வியாழன்தோறும் வர ஆரம்பித்தது. ஐந்து நாள் கழித்து, ஜூன் 17-இல், இந்தியாவில் பிரைம் வீடியோவுக்குள் விளம்பரம் நுழைந்தது. விளம்பரம் வேண்டாம் என்றால் மாதம் 129 அல்லது ஆண்டுக்கு 699 ரூபாய் கூடுதல். ஆக, விளம்பரமில்லாத பிரைமின் உண்மையான ஆண்டு விலை 2,198 ரூபாய். ஒப்பிடும்போது இந்த எண்ணை வைத்து ஒப்பிடுங்கள்.

எப்போது இது சரி: அமேசானில் அடிக்கடி வாங்குபவர்களுக்கு. ஒரே ஒரு ரியாலிட்டி ஷோவுக்காக மட்டும் மாதம் 299 கொடுத்து எடுக்கலாமா என்றால், வேண்டாம் என்பேன். அதே மாதத்தில் நெட்ஃபிளிக்ஸில் அந்த வகையில் பார்க்க இன்னும் அதிகம் இருக்கும்.

மற்றவை, சுருக்கமாக

சோனி லிவ்: ஷார்க் டேங்க் இந்தியா பார்ப்பவர்களுக்கு மட்டும். தொழில் செய்பவர்களுக்கு அதில் கற்க விஷயம் உண்டு, ஆனால் இந்தி தெரிய வேண்டும். 2024-இல் மாஸ்டர்செஃப் தமிழையும் கொண்டுவந்தார்கள். ஜீ5: 2021-இல் அர்ஜுன் தொகுத்த சர்வைவர் தமிழ் போன்றவை. முடிவு தெரிந்த போட்டிக்காகப் புதிதாகச் சந்தா எடுக்க வேண்டாம். சன் நெக்ஸ்ட்: சன் டிவியில் நேரத்தைத் தவறவிடுபவர்களுக்கு மட்டும்.

எதை எடுத்தாலும் ஆட்டோபே

மூன்று தளங்களிலும் பொதுவான மறைமுகச் செலவு தானாகப் புதுப்பித்தல். நிகழ்ச்சி முடிந்த பிறகு ஆர்வம் போய்விடும், கட்டணம் போகாது. ரிசர்வ் வங்கியின் விதிப்படி, 2021 அக்டோபர் முதல், பணம் எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்னதாக உங்களுக்கு அறிவிப்பு வர வேண்டும். அந்தக் குறுஞ்செய்தியை வங்கி விளம்பரம் என்று நினைத்துத் தள்ளிவிடாதீர்கள். யுபிஐ வழியாகக் கட்டியிருந்தால், உங்கள் யுபிஐ செயலியின் ஆட்டோபே பகுதியிலேயே அந்த அனுமதியை ரத்து செய்யலாம். தளத்தின் பக்கத்தில் 'ரத்து' பொத்தானைத் தேடி அலைய வேண்டியதில்லை.

எதையும் எடுக்காமல் இருப்பது

இதுவும் ஒரு தேர்வுதான், ஒப்பீட்டில் இடம் தர வேண்டியது. பிக் பாஸ் சீசனில் விஜய் டிவியின் யூடியூப் சேனலில் நாள்தோறும் புரோமோக்கள் வருகின்றன. டீக்கடையிலும் அலுவலகத்திலும் பேச்சில் கலந்துகொள்ள அவையே போதுமானவை. இந்தி புரியுமானால், அமேசான் எம்எக்ஸ் பிளேயரில் 2025 செப்டம்பரில் தொடங்கிய 'ரைஸ் அண்ட் ஃபால்' போல முழு சீசனே விளம்பரத்தோடு இலவசமாகக் கிடைக்கிறது. பெரியவர்கள் மட்டும் இருக்கும் வீட்டுக்கு, கேபிளில் விஜய் டிவியும் சன் டிவியும் வரும்போது, ரியாலிட்டி ஷோவுக்காக ஒரு சந்தாவும் வேண்டாம். அவர்களுக்கு வேண்டியது அந்த ஒரு மணி நேரம்தான். மீதி 23 மணி நேரத்துக்கு ஏன் காசு கொடுக்க வேண்டும்?